அரிசிச் சாக்கு

காலை ஐந்து மணி பத்து நிமிடம். பாலக்கரையில் அக்கா வீடு இருந்த தெருவுக்குள் திரும்பியதும் முதலில் பார்த்தது, ஒரு சைக்கிளின் பின் கேரியரை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னால் சாய்ந்து நின்ற ஒரு மனிதரை. சைக்கிளைத் தள்ளப் போகிறார் என்று நினைத்தேன். தள்ளவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது.

பக்கத்தில் போன பிறகுதான் அது அத்தான் என்று தெரிந்தது. என் அக்காவின் கணவர். மேலே சட்டை இல்லை. மூச்சை இழுக்கும்போது கழுத்தெலும்புகளுக்கு மேலிருந்த குழிகள் உள்ளே போயின. விடும்போது ஒரு கீச்சொலி வந்தது. அதைத் தெருவின் எதிர்ச்சாரியிலேயே கேட்க முடிந்தது. என்னைப் பார்த்தால் "வா மாப்ள" என்பார். அன்று சொல்லவில்லை. இரண்டு மூச்சுகளுக்கு நடுவில் அதற்கு இடம் இல்லை.

அக்கா வெந்நீர் டம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள்.

"எப்பேர்ந்துக்கா இப்படி?"

"நேத்து ராத்திரி சாப்பிட்டு எந்திரிச்சதுலேர்ந்து. படுக்க முடியல, ஒக்கார முடியல. நின்னா பரவால்லேங்கறாரு. அதையும் கையாலதான் சொல்றாரு."

எழுபத்தேழாம் வருஷம், மாசி மாதம். நான் திருச்சியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். பதிப்பு முடிந்த பிறகு, ஸ்ரீரங்கத்துக்கு முதல் பஸ் பிடிப்பதற்கு முன்னால் அக்கா வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுப் போவது வழக்கம். அன்று காபி இல்லை. வெயில் ஏறும்போது அவருக்குக் கொஞ்சம் இளகியது. வாசற்படியில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, சளி" என்றார். அதைச் சொல்லவே இரண்டு தவணை ஆயிற்று. பிறகு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

அத்தானுக்கு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சாக்குக் கடையில் வேலை. அரிசி மண்டி, மிளகாய் மண்டி, மல்லிக் கடை, பருப்பு மில், எரு வியாபாரி என்று ஊரில் சரக்கு எங்கே காலியாகிறதோ அங்கேயெல்லாம் சாக்கு மிஞ்சும். அதை மொத்தமாக வாங்கி, உதறி, பிரித்து, ஓட்டை அடைத்து, கட்டுக் கட்டி மறுபடி விற்பார்கள். உதறுவது அத்தானின் வேலை. சாக்கை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, இரண்டு மூலைகளைப் பிடித்து, கொட்டகை நடுவில் இருந்த கல்தூணில் ஓங்கி அடிப்பார். இரண்டு அடி, ஒரு திருப்பு, மறுபடி இரண்டு அடி. கூரைத் தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கும். அந்தக் கம்பிகளில் ஏறும் தூசியை வைத்துத்தான் சாக்கு சுத்தமாகிவிட்டதா என்று பார்ப்பார்கள். வாயைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருப்பார். மாலையில் அந்தத் துண்டும் அவர் புருவமும் ஒரே நிறமாக இருக்கும்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாக்கில் முதன்முதலில் எந்த முத்திரை அச்சடிக்கப்பட்டதோ அதுதான் கடைசிவரை அதன் பெயர். அரிசி ஆலையின் முத்திரை இருந்தால் அது அரிசிச் சாக்கு. அதற்குப் பிறகு அதில் மல்லி போயிருக்கலாம், கடலை போயிருக்கலாம், நாலு ஊர் சுற்றியிருக்கலாம். கடைக்குத் திரும்பி வரும்போது அது அரிசிச் சாக்குதான். பிரிக்கும்போது பார்ப்பது நெசவு, நீளம், ஓட்டை. கடைசியாக உள்ளே என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. வாங்குகிறவரும் கேட்பதில்லை.

அந்த மாசிக்குப் பிறகு மூச்சு முட்டல் அடிக்கடி வந்தது. எப்போதும் ஒரே மாதிரி. கொட்டகையில் வேலை செய்யும்போது வராது. மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, பாயை விரிக்கும் நேரத்தில் பிடித்துக்கொள்ளும். கடையில் நன்றாக இருக்கிறவருக்கு வீட்டுக்கு வந்தால் முடியாமல் போகிறது. இதைப் பார்த்த எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தோம். வீட்டில்தான் ஏதோ இருக்கிறது.

அவர்கள் குடியிருந்தது ஓட்டு வீடு. ஒரு அறை, அதை ஒட்டி சமையலுக்கு ஒரு தடுப்பு. வாசலில் இறங்கினால் லாரி போகிற ரோடு. தெருக்கோடியில் இருந்த வயதான டாக்டர் ஒரு ஊசி போட்டார், மாத்திரை எழுதினார்.

"ரோட்டுத் தூசிம்மா. வீட்டுக்குள்ள தூசி வராம பாத்துக்குங்க. இவரு என்ன வேலை பாக்குறாரு?"

"மார்க்கெட்டுல" என்றாள் அக்கா.

"அப்ப சரி" என்றார் டாக்டர். என்ன சரி என்று யாரும் கேட்கவில்லை. மார்க்கெட்டில் வேலை என்றால் மூட்டை தூக்குகிறவர் என்று நினைத்திருப்பார்.

தூசி வரக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அக்கா ஒரு வார்த்தை விடாமல் எடுத்துக்கொண்டாள். ஜன்னலுக்குக் கதவு ஒன்றுதான், அதுவும் பாதி உளுத்தது. ஓட்டுக்கு அடியிலிருந்து கரையான் மண் உதிரும். துணியில் திரை தைக்க வேண்டுமானால் நல்ல துணி நிறைய வேண்டும். அவள் சாக்குக் கடைக்கே போய் முதலாளியிடம் பழைய சாக்கு கேட்டாள். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம். மெதுவாகப் பேசுவார், வேலையாட்களைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார். அவரே எழுந்து போய் அடுக்கிலிருந்து இரண்டு கட்டு இறக்கச் சொன்னார்.

"மிளகாய்ச் சாக்கு வேணாம்மா, காரம் ஏறும். இது அரிசிச் சாக்கு. சுத்தமான சரக்கு. நெசவு நெருக்கம், ஊசி நொழையாது. எடுத்துட்டுப் போ. கஷ்டத்தை அல்லா லேசாக்குவான்."

அக்கா அந்தச் சாக்குகளைப் பிரித்து, ஓரம் மடித்து, கோணி ஊசியால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாள். ஜன்னலுக்கு ஒன்று, வாசலுக்கு இரட்டையாக ஒன்று, ஓட்டுக்கு அடியில் அறை முழுவதும் ஒரு விதானம். தையல் நேராக இருந்தது. மிஞ்சியதில் அத்தான் படுக்கும் பாய்க்கு அடியில் போட ஒரு விரிப்பும் தைத்தாள். பக்கத்து வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னங்க இது, ஊர்ல எல்லாரும் புள்ளைக்குத்தான் சட்டை தெப்பாங்க. நீங்க வீட்டுக்கே தெச்சுட்டீங்களே."

"எங்களுக்குப் புள்ள இல்லியே, வீடாவது போட்டுக்கட்டும்" என்றாள் அக்கா.

அத்தானும் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

சித்திரையில் சாக்குத் திரைகளின் மேல் தண்ணீர் தெளித்தாள். அறை குளுகுளுவென்று இருந்தது. ரோட்டுத் தூசி ஒரு பொட்டுகூட உள்ளே வரவில்லை. தினம் காலையில் திரைகளைக் கழற்றாமலே உள்பக்கமாகத் தட்டிவிடுவாள், சுத்தமாக இருக்கட்டும் என்று.

அவருக்கு மோசமாகிக்கொண்டே போனது. இப்போது இரவில் மட்டும் இல்லை, விடுமுறை நாளில் வீட்டில் இருந்தால் பகலிலும் வந்தது. உடம்பு பாதியாயிற்று. தலையணையை மடியில் வைத்து அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடி தூங்கக் கற்றுக்கொண்டார். ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை ரசம், உறையூரில் ஒருவர் கொடுத்த கறுப்பு லேகியம், தர்காவில் ஓதிய தண்ணீர், கோயிலில் மந்திரித்த கயிறு. யார் எதைச் சொன்னாலும் அக்கா அன்றைக்கே போய் வாங்கி வந்தாள். ஒன்று பலிக்கவில்லை என்று தெரிவதற்குள் அடுத்ததை ஆரம்பித்துவிடுவாள். ஒருமுறை என்னிடம் கேட்டாள்: "பேப்பர்ல ஒலகத்துல நடக்கறதெல்லாம் போடுறீங்களே தம்பி, இதுக்கு எங்கயும் மருந்து இருக்குன்னு வரலியா?" நான் இல்லை என்றேன். அவள் அதை நம்பவில்லை. நான் சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்தாள்.

வேலைக்குப் போகாதீர்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. கொட்டகைதான் அவர் ஒழுங்காக மூச்சு விட்ட இடம்.

ஆடிப்பெருக்குக்கு இருவரும் ஸ்ரீரங்கம் வந்தார்கள். நான் அப்போது கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். காவேரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. அம்மா மண்டபத்தில் கூட்டம் நெருக்கியது. அத்தான் படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அன்று திரும்பிப் போக பஸ்ஸில் இடம் இல்லாததால் என் வீட்டில் தங்கினார்கள். காலையில் அக்கா என் மனைவியை எழுப்பி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அத்தான் மல்லாந்து படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார். மார்பு ஒரே சீராக ஏறி இறங்கியது. அக்கா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவரை ஒரு வாரம் நிறுத்திக்கொண்டோம். இரண்டாம் நாள் மாடிப்படி ஏறினார். மூன்றாம் நாள் சைக்கிளில் திருவானைக்காவல் வரை போய் வந்தார். முன்கட்டில் இருந்த வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பம்.

"எல்லாம் காவேரிக் காத்து சார். இங்க வந்தா கல்லுக்கே மூச்சு வரும். பெருமாள் கடாக்ஷம் இருக்கு. போகாம இங்கயே இருந்துடச் சொல்லுங்கோ."

"சோறு காவேரியிலேர்ந்து வராதே சாமி" என்றார் அத்தான்.

பாலக்கரைக்குத் திரும்பிய அன்றைக்கே வந்துவிட்டது. மறுநாள் மதியம் உதடு நீலமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்துக்கு ஆள் அனுப்பினார். நான் போவதற்குள் அக்கா அவரை ரிக்ஷாவில் ஏற்றி, தானும் ஏறி, அவர் முதுகைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

அங்கே நெஞ்சு நோய் வார்டில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். நடுத்தர வயது, குரலை உயர்த்தாமல் பேசுவார். முதலில் அத்தானைப் பிழைக்க வைத்தார். அது இரண்டு நாள் வேலை. பிறகு கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "மார்க்கெட்டுல வேலைன்னா, அங்க கையால என்ன செய்றீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அத்தான் படுத்தபடியே இரண்டு கைகளையும் தூக்கி சாக்கு உதறிக் காட்டினார். டாக்டர் ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"அந்தத் தூசியில ஒவ்வொரு வகையிலயும் ஒரு சிட்டிகை எனக்கு வேணும். தனித்தனியா."

நான் அலுவலகத்திலிருந்து அச்சுக் காகிதம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அத்தான் இடத்தில் வேறொருவர் தூணில் அடித்துக்கொண்டிருந்தார். எந்தெந்தச் சாக்கில் என்னென்ன இருந்தது என்று கேட்டேன். ஓட்டை அடைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"சாக்குல என்ன இருந்துச்சுன்னு கேக்குறாரு பாருடி."

"காத்து இருந்துச்சுங்க. அதையும் ஒதறிட்டோம்."

"பேப்பர்ல எங்க போட்டோ வருமான்னு கேளு மொதல்ல."

பாய் அதட்டினார். மிளகாய், மல்லி, பருப்பு, கடலை, அரிசி என்று அடுக்கின் பெயர்களை அவரே சொல்ல, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு சாக்கை எடுத்துக் காகிதத்தின் மேல் உதறி மடித்தேன். பென்சிலால் மேலே பெயர் எழுதினேன். அரிசி அடுக்கு புதிதாக வந்த சரக்கு இல்லை, அக்காவுக்குக் கொடுத்த அதே லாரிச் சரக்குதான் என்று பாய் சொன்னார். நல்ல சரக்கு என்பதற்காகச் சொன்னார்.

டாக்டர் அந்தத் தூசிகளைத் தனித்தனியாகத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, அத்தானின் முன்கையில் வரிசையாக ஒவ்வொரு சொட்டு வைத்து, சொட்டின் வழியாக ஊசி நுனியால் தோலைக் கீறினார். அக்காவும் நானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் நான்கு இடங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. மிளகாயில் லேசாகச் சிவந்திருந்தது. ஐந்தாவது இடம் எங்கள் கண்ணெதிரே வெளுத்து எழும்பியது. எட்டணாக் காசு அளவு ஆனது, ஓரங்களில் கால் விட்டது, முழங்கைப் பக்கமாக ஊர்ந்தது. அத்தான் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். டாக்டர் கையில் தயாராக இருந்த ஊசியைப் போட்டு, கையின் மேல்பகுதியில் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டினார். அந்தக் கீச்சொலி ஆரம்பித்து, ஒரு கால்மணி நேரம் இருந்து, அடங்கியது.

"அஞ்சாவது என்ன?"

"அரிசி" என்றேன்.

"அரிசி இல்ல" என்றார். மீதியிருந்த தூசியை ஒரு கண்ணாடித் தட்டில் கொட்டிக் கிளறினார். உமியும் சணலும் கலந்திருந்த அந்தத் தூளில் பளபளவென்று, பழுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, பூச்சிச் சிறகு போல ஏதோ துண்டுகள் கிடந்தன. ஆமணக்கு விதையின் ஓடு. "இந்தச் சாக்குல கடைசியா ஆமணக்குப் பிண்ணாக்கு இருந்திருக்கு. எண்ணெய் எடுத்தது போக மிச்சம், எருவுக்குப் போடுறது. அந்தத் தூசி சில பேரை இப்படித்தான் பிடிக்கும். பிடிச்சா விடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். கொட்டகைக்கு இனிமே போகவே கூடாது. அந்தச் சாக்கு இருக்கற எடத்துலயே இருக்கக் கூடாது."

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். "வீட்ல..." என்றாள். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் டாக்டரிடம் திரைகளைப் பற்றியும் விதானத்தைப் பற்றியும் விரிப்பைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். கடையில் மூச்சு முட்டாததற்குக் காரணமும் சொன்னார். சில பேருக்கு இது சில மணி நேரம் கழித்துத்தான் பிடிக்கும். பகலில் உள்ளே போனது ராத்திரி பேசும் என்றார்.

பாலக்கரைக்குப் போனபோது வாசல் திறந்து கிடந்தது. அக்கா எல்லாவற்றையும் கிழித்து இறக்கியிருந்தாள். தையல் பிரியாத இடங்களில் பல்லால் கடித்திருக்கிறாள், உதட்டில் சணல் ஒட்டியிருந்தது. திறந்த ஜன்னல் வழியாக மதிய வெயில் விழுந்தது. அந்த வெயிலில் தூசி இறங்கிக்கொண்டே இருந்தது. நடுவில் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"தெனம் தட்டுனேன் தம்பி" என்றாள். "அவரு தலைக்கு மேலயே தெனம் தட்டுனேன்."

நான் குனிந்து கிழிந்து கிடந்தவற்றைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

சாக்குகளைக் கட்டி நான்தான் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "தெரிஞ்சு குடுப்பேனா தம்பி? எங்க வீட்டுப் புள்ளைங்களும் இதுலதானே படுத்து எந்திரிக்குதுங்க. ஒண்ணுக்குக்கூட தும்மல் இல்லியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அந்தக் கொட்டகையில் வேலை பார்த்த மற்ற யாருக்கும் இது வரவில்லை. அந்தச் சாக்குகள் என்ன ஆயின என்று பின்னால் விசாரித்தேன். அரிசிச் சாக்கு என்று விற்றுப் போயிருந்தன.

அக்கா வீட்டைக் கழுவினாள், வெள்ளையடித்தாள், பாத்திரங்களைக்கூட வெயிலில் கவிழ்த்தாள். அத்தான் திரும்பி வந்து இரண்டு நாள்கூட இருக்க முடியவில்லை. ஓட்டுச் சந்துகளில் இருந்ததோ, மார்க்கெட் பக்கமிருந்து காற்றில் வந்ததோ தெரியாது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த தடவை இங்க கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுடலாம். ஊரை மாத்துங்க" என்றார். அத்தானை ஸ்ரீரங்கத்துக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அவருக்குத் தெரிந்த ஒரே வேலை போய்விட்டது. கோயில் கோபுரத்துக்கு வெளியே செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்தார். சில மாதம் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார். மூச்சு சரியாக இருந்தது, ஆனால் பழைய பலம் வரவில்லை. இரண்டு பேரும் எங்களோடேயே இருங்கள் என்று என் மனைவி சொன்னபோது அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒருத்தர் ஒக்காந்து சாப்பிடறது போதும். ரெண்டு பேரும் ஒக்காந்தா உங்க பந்தி தாங்காது" என்றாள் சிரித்துக்கொண்டே. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பாய் ஓட்டை அடைக்க வரச் சொல்றாரு. எனக்கும் வேற என்ன தெரியும்? ஊசிதான் தெரியும்" என்றாள்.

அத்தான் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "என்னைக் கொன்ன எடத்துக்கா போறே?" என்றார்.

"கொல்லலியே. இருக்கீங்கல்ல. இருக்கணும்னுதான் போறேன்" என்றாள்.

அவள் சாக்குக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். அதனால் அவர்கள் ஒரே வீட்டில் இருக்க முடியாமல் போயிற்று. அவள் தலைமுடியிலும் புடவையிலும் நகக்கண்ணிலும் அந்தத் தூசி இருக்கும். முதல் வாரம் தெரியாமல் வேலை முடிந்த கையோடு வந்துவிட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கால்மணி ஆவதற்குள் அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். அதிலிருந்து சனிக்கிழமைகளில் அம்மா மண்டபத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஆற்றில் தலைமுழுகி, ஈரத்தோடு எங்கள் வீட்டுக் கொல்லை வழியாக வருவாள். என் மனைவி அவளுக்கென்று ஒரு புடவையை அங்கே கொடியில் போட்டு வைத்திருப்பாள். அதைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவாள். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் எங்கள் கிணற்றடியில் குளிப்பாள். அவிழ்த்த புடவையை ஒரு தகர டின்னில் போட்டு மூடிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மாலை அதே புடவையைக் கட்டிக்கொண்டு, உள்ளே வராமல், வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்பாள். அவர் ஜன்னலுக்கு உள்ளே நின்று தலையாட்டுவார். அப்படியே நான்கு வருஷம்.

எண்பத்தொன்றில் ஒரு புரட்டாசி காலை, நான் வீட்டில் இருந்தேன். எங்கள் கொல்லைச் சுவருக்கு அப்பால் ஒரு வாழைத் தோட்டம். அந்த வருஷம் அதைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர் கன்றுகளுக்கு எரு வைக்க ஆரம்பித்திருந்தார். சுவரை ஒட்டியிருந்த களத்தில் பிண்ணாக்குக் கட்டிகளைக் கொட்டி, இரண்டு ஆட்கள் மரச் சம்மட்டியால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று எங்கள் பக்கம் வீசியது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அத்தான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். சொம்பு விழுகிற சத்தம் கேட்டது. நான் போனபோது துவைக்கிற கல்லை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதான்" என்றார். "அதேதான் மாப்ள."

என் மனைவி சுவர் ஓரம் ஓடிப்போய், நிறுத்தச் சொல்லிக் கத்தினாள்.

"ஏம்மா, எருதானே?" என்றார் தோட்டக்காரர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தச் சொன்னார். தானே ஈரச் சாக்கை எடுத்துக் குவியலை மூடினார்.

தெருவில் இருந்த டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். அடங்கவில்லை. ஒரு டாக்ஸி பிடித்தோம். காவேரிப் பாலத்தில் ஏறும்போது ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அது ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது. பாலம் முழுவதும் என் கையைப் பிடித்திருந்தார். பிடி முதலில் வலித்தது. மெயின்கார்டு கேட் தாண்டும்போது வலிக்கவில்லை. கீச்சொலியும் நின்றிருந்தது. மூச்சு இளகிவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கொண்டு வரும்போதே போய்விட்டது என்றார்கள். அந்தப் பெண் டாக்டர் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

வராந்தாவில் இருந்த டெலிபோனில் சாக்குக் கடைக்குப் பேசினேன். பாய்தான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் எதிர்முனையில் கொட்டகையின் சத்தம் மட்டும் கேட்டது, தூணில் சாக்கு அடிபடும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. "என் வண்டியிலயே அனுப்பி வைக்கிறேன் தம்பி" என்றார்.

கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொஞ்ச நேரம்தான். அக்கா வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தான் போய்விட்டார் என்று பாய் கடையிலேயே அவளிடம் சொல்லியிருந்தார். அவள் வண்டியை முதலில் வீட்டுக்கு விடச் சொல்லி, தலைக்குக் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.